வழி மறிக்கப்பட்ட பள்ளத்தாக்கு

திபெத் வணிகத்தால் செழித்த ஜோஹார், 1962-ல் எல்லை மூடியதும் காலியானது. இப்போது மலையைக் குடைந்து சாலை போகிறது. போனவர்கள் திரும்புவார்களா?

டேராடூன், லக்னோ, டெல்லி என்று எந்த நகரத்து அரசு அலுவலகத்திலும் இந்தப் பெயர்கள் கண்ணில் படலாம்: மர்தோலியா, தோலியா, பில்ஜ்வால், புர்ஃபால், லஸ்பால். வெளியார் இவற்றைச் சாதிப் பெயர்கள் என்றே நினைப்பார்கள். உண்மையில் இவை ஊர்ப் பெயர்கள். மர்தோலி, தோலா, பில்ஜு, புர்ஃபு, லஸ்பா ஆகியவை உத்தராகண்ட் மாநிலம் பித்தோராகர் மாவட்டத்தின் வடகோடியில், கோரி கங்கா நதி பாயும் ஜோஹார் பள்ளத்தாக்கில் இருக்கும் கிராமங்கள். இன்று இந்தப் பெயர்களைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்களில் வாழ்ந்ததில்லை. சிலர் பார்த்ததுகூட இல்லை.

ஊர்களும் அப்படியொன்றும் பார்க்கிற மாதிரி இல்லை. பல வீடுகளின் கல் ஓடு வேய்ந்த கூரைகள் பனியின் பாரம் தாங்காமல் இற்று விழுந்துவிட்டன. சித்திர வேலைப்பாடு செய்த மரக் கதவு நிலைகள் மட்டும் சில வீடுகளில் நிற்கின்றன. முற்றத்தில் செடி முளைத்திருக்கிறது. கோடையில் மட்டும் சில குடும்பங்கள் மேலே வந்து உருளைக்கிழங்கும் பாப்பரையும் பயிரிட்டுவிட்டு, அக்டோபரில் பனிக்கு முன்னால் இறங்கிவிடுகின்றன. அதன் பிறகு அங்கே இருப்பவர்கள் எல்லைக் காவல் வீரர்கள்தான்.

இதைப் பார்க்கும் எவரும், எட்டாத இடத்தில் இருந்த ஓர் ஏழை மலைக் கிராமம் காலப்போக்கில் அழிந்தது என்று முடிவுகட்டிவிடக்கூடும். ஜோஹாரின் கதை நேர் எதிரானது. ஒரு காலத்தில் அது எட்டாத இடமாகவும் இல்லை, ஏழையாகவும் இல்லை. சமவெளியையும் திபெத்தையும் இணைத்த ஒரு பெருவழியின் நடுவே அது இருந்தது. 1962-ல் அந்த வழி அடைபட்டபோதுதான் அது கடைக்கோடி ஆனது.

இரு மலைகளுக்கு நடுவே

கோரி கங்கா, மிலம் பனியாற்றில் பிறக்கிறது. மேற்கே 7,816 மீட்டர் உயர நந்தாதேவி, கிழக்கே 6,904 மீட்டர் உயரப் பஞ்சசூலி. இந்த இரண்டு மலைக் கூட்டங்களுக்கும் நடுவே இமயத்தின் முதன்மைத் தொடரை அறுத்துக்கொண்டு தெற்கே இறங்கும் நதி, ஜௌல்ஜிபியில் காளி நதியோடு கலக்கிறது. காளிக்கு அக்கரை நேபாளம்.

பள்ளத்தாக்கின் வாசல் முன்சியாரி. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரிலிருந்து மிலம் கிராமத்துக்கு ஏறக்குறைய 60 கி.மீ. காலம்காலமாக அது நடைபாதைதான். லீலம் தாண்டியதும் நதி ஒரு குறுகிய இடுக்குக்குள் நுழைகிறது. இருபுறமும் செங்குத்தான பாறை, கீழே வெள்ளை நுரையாகப் புரளும் தண்ணீர், பாறையின் இடுப்பில் ஆட்டுத் தடம் போல ஒரு வழி. புக்தியார் தாண்டி ரில்கோட்டை நெருங்கும்போது காட்சி மாறுகிறது. மலைகள் விலகி நிற்கின்றன. மரங்கள் குறைந்து புல்வெளி விரிகிறது. இமயத் தொடரின் முதுகுப்புறம் வந்துவிட்டதால் மழையும் குறைவு. மர்தோலி, புர்ஃபு, பில்ஜு, பாச்சு, கங்கர் என்று ஊர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இங்கேதான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் மிலம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் குமாவோனின் பெரிய கிராமங்களில் ஒன்றாக அது எண்ணப்பட்டது.

மிலத்தைத் தாண்டினால் ஊரே இல்லை. ஊண்டா துரா, ஜயந்தி துரா, குங்ரி பிங்ரி என்று மூன்று கணவாய்கள். மூன்றும் 5,000 மீட்டருக்கு மேல். இவற்றை ஒரே மூச்சில் கடந்துவிடுவதுதான் வணிகர்களின் வழக்கம். நடுவில் தங்கினால் ஆடுகளுக்குப் புல் கிடையாது, அடுப்புக்கு விறகு கிடையாது. மூன்றாவதைத் தாண்டினால் திபெத்.

ஆட்டின் முதுகில் உப்பு

ஜோஹார் மக்கள் தங்களை ஷௌகா என்று சொல்லிக்கொள்கிறார்கள். அரசுப் பதிவேடுகளில் அவர்கள் போட்டியாக்கள். அவர்களுடைய ஆண்டு, கோவில் திருவிழாவைப் போல் நாள் குறித்து நடந்தது. மே, ஜூனில் மந்தையோடும் குடும்பத்தோடும் மேல் கிராமங்களுக்கு ஏறுவார்கள். பெண்களும் முதியவர்களும் அங்கே பயிரிட்டு, நூல் நூற்று, தறியில் அமர்வார்கள். ஆண்கள் கணவாய் தாண்டி ஞானிமா சந்தைக்குப் போவார்கள். அக்டோபரில் எல்லோரும் கீழே இறங்கி, முன்சியாரியிலும் அதற்கும் தாழ்வான தேஜம் பகுதியிலும் குளிர்காலத்தைக் கழிப்பார்கள். அப்போதும் ஆண்களுக்கு ஓய்வில்லை. நவம்பரில் ஜௌல்ஜிபி சந்தை, ஜனவரியில் பாகேஷ்வர் உத்தராயணிச் சந்தை என்று திபெத்துச் சரக்கை விற்று, அடுத்த கோடைக்குத் தானியம் சேர்ப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு மேலே ஒரு வீடு, நடுவே ஒரு வீடு, கீழே ஒரு வீடு.

அங்கிருந்து வந்தவை உப்பு, வெண்காரம், கம்பளி, பொன் துகள், குதிரைகள். இங்கிருந்து போனவை அரிசி, கோதுமை, வெல்லம், துணி, புகையிலை, பாத்திரங்கள். சுமை தூக்கியவை ஆடுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் இருபக்கம் தொங்கும் பைகளில் பத்து கிலோ அளவுக்குச் சுமை. நூற்றுக்கணக்கான ஆடுகள் வரிசையாக மலையேறும். செலவில்லாத வாகனம்; வழியில் மேய்ந்துகொள்ளும், ஊர் திரும்பியதும் கம்பளியும் கொடுக்கும். பெரிய சுமைகளுக்கு யாக் கலப்பினமான ஜிப்பு.

இந்த வணிகம் நம்பிக்கையின் மேல் நடந்தது. ஒவ்வொரு ஷௌகா வணிகருக்கும் திபெத்தில் ஒரு 'மித்ர' உண்டு. அவரிடம் மட்டுமே வாங்க வேண்டும், அவருக்கு மட்டுமே விற்க வேண்டும். தந்தையின் மித்ர குடும்பம் மகனுக்கும் மித்ர. ஒப்பந்தத்துக்கு அடையாளமாக ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. பின்னொரு நாள் பாதிகள் பொருந்தினால் போதும், வேறு சாட்சி வேண்டாம். ஆண்டுதோறும் கணவாய் திறக்கும் முன்பு திபெத்திய அதிகாரி ஒருவர் இறங்கி வருவார். இந்தப் பக்கம் கொள்ளைநோய் இல்லை, கலகம் இல்லை என்று உறுதி பெற்ற பிறகுதான் வழி திறக்கும்.

மாறும் காலத்தையும் ஜோஹார் சமாளித்தது. 1790-ல் குமாவோனைப் பிடித்த கூர்க்காக்களையும் 1815-ல் வந்த பிரிட்டிஷாரையும் அது பார்த்தது. 1884-ல் காத்கோதாம் வரை ரயில் வந்தபோது, சமவெளியின் மலிவான உப்பு மலையேறி, திபெத்திய உப்பின் மவுசைக் குறைத்தது. ஷௌகாக்கள் கம்பளியின் பக்கம் திரும்பினார்கள். கான்பூரின் ஆலைகளுக்குத் திபெத்துக் கம்பளி தேவைப்பட்டது. தொழில் தப்பியது.

காலடியால் அளந்தவர்

இந்தப் பள்ளத்தாக்கு உலகுக்குக் கொடுத்த மிகப் பெரிய பெயர் நைன் சிங் ராவத். 1830-ல் பிறந்த மிலம் ராவத் அவர். வணிகத்தில் நொடித்த குடும்பம். 1855-ல் ஜெர்மானியரான ஷ்லாகின்ட்வைட் சகோதரர்களின் ஆய்வுப் பயணத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு மிலம் பள்ளியில் ஆசிரியர் வேலை.

அந்தச் சமயத்தில் இந்திய நில அளவைத் துறைக்கு ஒரு சங்கடம் இருந்தது. 1802-ல் சென்னை பரங்கிமலையில் லாம்ப்டன் தொடங்கிவைத்த மாபெரும் முக்கோண அளவை இமயமலை வரை வந்துவிட்டது. அதற்கு அப்பால் வரைபடம் வெறுமையாக இருந்தது. ஐரோப்பியர் எவரும் திபெத்துக்குள் நுழைய முடியாது. ஆனால் ஷௌகாக்களுக்கு மொழி தெரியும், வழி தெரியும், முகமும் பொருந்தும். 1863-ல் நைன் சிங்கும் உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள்.

பயிற்சி, சீராக நடப்பதுதான். ஏற்றமோ இறக்கமோ, காலடியின் நீளம் மாறக் கூடாது. 2,000 அடி வைத்தால் ஒரு மைல். எண்ணுவதற்கு ஜபமாலை, வழக்கமான 108 மணிக்குப் பதில் அதில் 100 மணிகள். நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், ஒரு சுற்று 10,000 அடி. பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் குறிப்புக் காகிதம். கைத்தடிக்குள் வெப்பமானி, தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று பார்த்தால் இடத்தின் உயரம் தெரிந்துவிடும். யாராவது அருகே வந்தால் உதடுகள் மந்திரத்தை முணுமுணுக்கும்.

யாத்திரிகர் வேடத்தில் 1865-ல் நேபாளம் வழியாகப் புறப்பட்ட நைன் சிங், 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். அந்த நகரத்தின் இருப்பிடமும் உயரமும் முதன்முதலாகச் சரியாகக் கணிக்கப்பட்டன. பிரம்மபுத்திராவின் மேல்பகுதியான சாங்போ நதியைப் பின்பற்றி, மானசரோவர் வழியாக நாடு திரும்பினார். மொத்தம் சுமார் 1,200 மைல். ஏறக்குறைய 25 லட்சம் காலடிகள். 1874-75-ல் லேயிலிருந்து லாசா வழியாக அசாம் வரை இன்னொரு பயணம். 1877-ல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. உறவினர் கிஷன் சிங்கும் 'ஏ.கே.' என்ற மறைபெயரில் 1878 முதல் 1882 வரை திபெத்தை அளந்தார்.

2004-ல் இந்திய அஞ்சல் துறை நைன் சிங் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. அவர் பிறந்த ஊரில் அதை ஒட்டி அனுப்ப வேண்டிய அளவுக்கு மக்கள் இல்லை.

அடைபட்ட வாசல்

முடிவு ஒரே நாளில் வரவில்லை. 1950-ல் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்தது. 1954 ஏப்ரலில் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்பாடு, பஞ்சசீலத்துக்காகத்தான் நினைவுகூரப்படுகிறது. அதன் உட்பிரிவு ஒன்றில் வணிகரும் யாத்திரிகரும் போய்வரக்கூடிய ஆறு கணவாய்களின் பெயர் இருந்தது. அவற்றில் ஒன்று குங்ரி பிங்ரி. ஆக, ஜோஹாரின் வழியைச் சர்வதேச ஆவணமே அங்கீகரித்திருந்தது. 1959-ல் லாசா கலவரத்துக்குப் பிறகு கெடுபிடி அதிகமாகி, சந்தை சுருங்கியது. 1962 ஜூனில் உடன்பாடு காலாவதியானது. அக்டோபரில் போர்.

அந்த ஆண்டோடு எல்லாம் நின்றது. கடனாகக் கொடுத்த சரக்கும் வரவேண்டிய கம்பளியும் அந்தப் பக்கமே தங்கிவிட்டன. தலைமுறைகளாக உறவு கொண்டாடிய மித்ர குடும்பத்துக்கு என்ன ஆனது என்று கேட்கக்கூட வழியில்லை. சுமைக்கு வேலையில்லாததால் மந்தைகள் விற்கப்பட்டன. நஷ்டப்பட்டவர்கள் வணிகர்கள் மட்டுமல்ல. கூலிக்கு ஆடு மேய்த்தவர்கள், கொல்லர்கள், தையற்காரர்கள் என்று வணிகத்தைச் சார்ந்திருந்த அத்தனை பேரின் பிழைப்பும் போனது. சேமிப்பும் கல்வியும் இருந்த குடும்பங்களுக்கு வேறு கதவுகள் திறந்தன. இவர்களுக்கு அதுவும் இல்லை.

மேல் கிராமத்தில் வாழக் காரணம் வணிகம்தான். மூன்று, நான்கு மாத விளைச்சலை நம்பி யாரும் 3,400 மீட்டர் உயரத்தில் குடியிருக்கப்போவதில்லை. மூன்று வீட்டு வாழ்க்கையில் மேல் வீடு முதலில் கைவிடப்பட்டது.

1967-ல் போட்டியாக்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கணக்கு எழுதிப் பழகிய சமூகம் அது. எழுத்தறிவின் மதிப்பு தெரிந்தது. இட ஒதுக்கீடு வந்ததும் ஒரே தலைமுறையில் ஆசிரியர்கள், ராணுவ அதிகாரிகள், மருத்துவர்கள், ஆட்சிப் பணியாளர்கள் உருவானார்கள். 2003-ல் உத்தராகண்டின் தலைமைச் செயலாளரான ஆர்.எஸ். தோலியா, பெயரே சொல்வது போல, தோலா கிராமத்தின் வாரிசு. சமூகம் மீண்டது. ஆனால் மீண்ட இடம் ஹல்த்வானியும் டேராடூனும். பள்ளத்தாக்கைத் தோற்கடித்தது வறுமை மட்டுமல்ல. அதன் பிள்ளைகளின் வெற்றியும்தான்.

மிச்சம் இருப்பவை

சில இழப்புகள் இன்னும் பழையவை. அண்டையிலுள்ள தார்மா, பியான்ஸ் பள்ளத்தாக்குகளின் ஷௌகாக்கள் திபெத்-பர்மிய இனத்தைச் சேர்ந்த தங்கள் மொழிகளை இன்றும் பேசுகிறார்கள். ஜோஹாரின் சொந்த மொழி ரங்கஸ். கிரியர்சனின் இந்திய மொழி ஆய்வு அதைப் பதிவுசெய்த காலத்திலேயே அது தேய்ந்துகொண்டிருந்தது. இன்று அதைப் பேச ஆளில்லை. ஜோஹாரிகள் பேசுவது குமாவோனி.

பனியாறும் பின்வாங்குகிறது. 1849-க்கும் 1957-க்கும் இடையே மிலம் பனியாற்றின் முனை சுமார் 1,350 மீட்டர் பின்னுக்குப் போனதாக அளவீடுகள் காட்டுகின்றன. கீழே வழியும் நிலையானது அல்ல. 2013 ஜூன் வெள்ளம் கோரி கங்காவின் பாலங்களையும் பாதைகளையும் அடித்துப்போனது.

மிஞ்சியதைக் காப்பாற்றச் சிலர் முயன்றார்கள். முன்சியாரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஷேர் சிங் பாங்தே தன் வீட்டிலேயே ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். ஆட்டு முதுகுப் பைகள், மரப் பாத்திரங்கள், அளவைப் படிகள், பழைய ஆடைகள் என்று வீடுகளில் ஒதுக்கிக் கிடந்தவற்றைச் சேகரித்தார். ஜோஹாரின் வரலாற்றையும் எழுதினார். 2017-ல் அவர் மறைந்த பிறகும் முன்சியாரிக்கு வருகிறவர்கள் தேடிப் போகும் இடமாக அது இருக்கிறது.

தறியும் முழுதாக நின்றுவிடவில்லை. தன் என்ற முடிச்சுக் கம்பளமும் துல்மா என்ற கனத்த போர்வையும் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றன. முன்சியாரி ராஜ்மாவுக்கும் அதே ஆண்டில் அந்தத் தகுதி கிடைத்தது. ஆனால் ஆலைப் போர்வையின் விலையோடு, வாரக்கணக்கில் பெண்கள் உட்கார்ந்து நெய்த போர்வை போட்டியிட வேண்டியிருக்கிறது. முன்சியாரியை ஒட்டிய சர்மோலி கிராமத்துப் பெண்கள் வேறு வழி கண்டார்கள். வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைக்கும் தொழிலில் இறங்கினார்கள். 2023-ல் மத்திய சுற்றுலாத் துறையின் சிறந்த சுற்றுலாக் கிராம விருது அவர்களுடைய ஊருக்கு வந்தது.

வெடிமருந்தும் எதிர்பார்ப்பும்

இத்தனைக்கும் நடுவே சாலை வருகிறது. முன்சியாரியிலிருந்து மிலம் வரை சுமார் 65 கி.மீ. எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறுப்பு. இடுக்கின் பாறை, இயந்திரங்களையே தோற்கடித்தது. கீழிருந்து வெட்டிக்கொண்டு போனால் காலம் ஆகும் என்பதால் 2019-ல் கனரக இயந்திரங்களை ஹெலிகாப்டரில் லஸ்பா அருகே இறக்கி, மேலிருந்தும் வேலையைத் தொடங்கினார்கள். 2020 ஜூனில், பாறை வெட்டும் இயந்திரத்தை ஏற்றிவந்த லாரியோடு முன்சியாரி அருகே ஒரு இரும்புப் பாலம் இடிந்து விழுந்தது. லடாக்கில் பதற்றம் உச்சத்தில் இருந்த நேரம். சில நாட்களிலேயே புதிய பாலம் நின்றது. அரை நூற்றாண்டாகப் பாலத்துக்கும் பாதைக்கும் மனுக் கொடுத்து வந்தவர்களுக்கு, அரசு நினைத்தால் எவ்வளவு வேகமாக வேலை நடக்கும் என்பது அப்போது தெரிந்தது.

சாலை ராணுவத்துக்கானது என்பதில் ரகசியம் இல்லை. எல்லையோரக் கிராமங்களில் மக்கள் தங்கினால்தான் எல்லைக்குப் பாதுகாப்பு என்ற எண்ணத்தில் மத்திய அரசு 2023-ல் 'துடிப்பான கிராமங்கள்' திட்டத்தைக் கொண்டுவந்தது. முன்சியாரி வட்டாரமும் அதில் இருக்கிறது. இப்போது ஜோஹாரில் ஆள் இருக்க வேண்டும் என்று அரசு விரும்புகிறது.

சாலை வந்தால் வீடுகள் பழுது பார்க்கப்படலாம். நோயாளியைத் தோளில் சுமந்து இறங்க வேண்டியிருக்காது. உருளைக்கிழங்கு சந்தைக்குப் போகும். பயணிகள் வருவார்கள். குளிர்காலத்தில் மட்டும் யாரும் இருக்கப்போவதில்லை, முன்பும் இருந்ததில்லை. கவலைப்பட வேண்டியது வேறு. அந்தச் சாலை மிலத்தோடு முடிந்துவிடுகிறது. கோடையில் மட்டும் திறக்கும் ஊர்களில் இளைஞர்கள் எதை நம்பித் தங்குவார்கள்? சீனச் சந்தைக்காகக் கீடாஜடி என்ற பூஞ்சையைத் தோண்டி எடுப்பது சில வாரங்களுக்குக் கை நிறையப் பணம் தருகிறது. ஆனால் அது அருகிவரும் பொருள்; உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-ல் அதை அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

வணிகம் திரும்புமா? 1992-ல் லிபுலேக் கணவாய் வழியாக எல்லை வணிகம் மீண்டும் தொடங்கியது. அது பியான்ஸ் மக்களுக்கு உதவியது. 2020-ல் அது நிறுத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் இந்தியாவும் சீனாவும் லிபுலேக், ஷிப்கி லா, நாதுலா ஆகிய மூன்று வழிகளையும் மீண்டும் திறக்க ஒப்புக்கொண்டன. 1954 உடன்பாட்டில் ஷிப்கி லாவோடும் லிபுலேக்கோடும் சமமாக இடம்பெற்ற குங்ரி பிங்ரி அந்தப் பட்டியலில் இல்லை.

மர்தோலியில் பூர்ஜ மரங்கள் சூழ நந்தாதேவிக்கு ஒரு கோவில் இருக்கிறது. பின்னால் அந்த மலையே நிற்கிறது. ஆவணி, புரட்டாசியை ஒட்டி வரும் நந்தாஷ்டமிக்கு ஊரின் வாரிசுகள் சிலர் மலையேறி வருகிறார்கள். இடிந்த வீட்டின் முன் நின்று, இது நம்முடையது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் பூஜை முடிந்து இறங்கிவிடுகிறார்கள். சாலை முடிந்தால் அந்தப் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கும். அதிகம் பேர் வருவார்கள். எத்தனை பேர் கூரை வேய்வார்கள் என்பதில்தான் இருக்கிறது, மர்தோலியா என்பது ஓர் ஊரின் பெயராக நிலைக்குமா, அல்லது ஒரு குடும்பப் பெயராக மட்டும் மிஞ்சுமா என்பது.